எந்த ஊர்ப் புருவம்

அக்கா வாயைத் திறந்து "ஓம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. ஓம் என்றால் இரண்டு புருவமும் மேலே போகும். இல்லை என்றால் மூக்குச் சுருங்கும். காரியம் முடிந்தது. அவர் பிறந்த இடத்தில் எல்லோரும் அப்படித்தானாம். அந்தக் குளிரில் வாயைத் திறந்து சூட்டை வீணாக்கக்கூடாது என்று ஆதியில் யாரோ கெட்டிக்காரன் கண்டுபிடித்திருப்பான் என்பது என் ஊகம். என் ஊகங்களின் தரத்தைப் போகப்போக நீங்களே பார்ப்பீர்கள்.

நான் அவருக்கு நேர் எதிர். கோண்டாவிலில் பிறந்து, பலேர்மோவுக்கு வந்து பல வருஷமாகி, தமிழ், இத்தாலியன், கொஞ்சம் சிங்களம் என்று மூன்று பாஷையிலும் ஓயாமல் அலட்டுகிறவன். "நித்திரையிலையும் ஆருக்கோ விளக்கம் குடுத்துக்கொண்டிருக்கிறியள்" என்பாள் என் மனைவி. அவள் வியா மக்வேதாவில் ஒரு தங்குவிடுதியில் அறைகள் துப்பரவாக்குகிறாள். வேலை முடிந்து வந்தால் அவளுக்கு வேண்டியது அமைதி. கிடைத்தது நான்.

எங்கள் இரண்டு பேரையும், அக்காவையும் என்னையும், ஒரே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பாரிசவாதம். கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு சின்யோரா தனியாக இருந்தார். ஒரு காலத்தில் தொப்பிக் கடை வைத்திருந்தவர், நிமிர்ந்த நடைக்காரர் என்று சந்தையில் சொன்னார்கள். நான் பார்க்கும்போது படுக்கையில் இருந்தார். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை விரல்கள் கொஞ்சம் அசையும். முகத்தில் இடது பாதி உயிரோடு இருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். வேலை கேட்டுப் போன அன்று, எனக்கு நோயாளிகளின் கண் பாஷை தெரியும் என்று சொல்லிவைத்தேன். அப்படி ஒரு பாஷை இருப்பதே அதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

ஒரே மகன். கப்பல் எஞ்சினியர். கனடாவின் வட கோடிக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பல்களில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து, அங்கேயே வருஷக்கணக்கில் இருந்துவிட்டார். தாய் விழுந்த செய்தி கேட்டு மனைவியோடு வந்தார். மனைவியைத் தாயோடு விட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குப் போனார். அந்த மனைவிதான் நான் சொல்கிற அக்கா.

பெயர் தெரியாது. கணவர் "அமோரே", அதாவது "அன்பே", என்று கூப்பிட்டார். அது பெயரல்ல என்பது எனக்கும் தெரியும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராகத் தெரிந்ததால் முதல் நாளே "அக்கா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். புருவம் உயர்ந்தது. அவர்களிடமும் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லையாம். உறவு முறைதானாம். அன்றிலிருந்து ஒரு பெண் தன் சகோதரனைக் கூப்பிடுகிற அவர்களுடைய சொல்லால் என்னைக் கூப்பிட்டார். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை பார்த்ததில் பெயர் கேட்கிற நேரம் தவறிப்போய்விட்டது.

முதல் நாளே இன்னொன்றும் நடந்தது. "நீங்கள் எஸ்கிமோவா?" என்று கேட்டேன். மூக்கைச் சுருக்கினார். கீழே சந்தையில் குடல் பொரிக்கிற வாடை தாங்க முடியவில்லையாக்கும் என்று நினைத்து ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். "ஜன்னலைத் திறக்கவா?" என்று கேட்டிருந்தால் அவர் புருவத்தை உயர்த்தியிருப்பார். நான் கேட்டதோ "இன்னும் மணக்குதா?" என்று. மறுபடியும் மூக்கைச் சுருக்கினார். மற்ற ஜன்னல்களையும் சாத்தினேன். ஒரு கிழமை முழுவதும் அந்த வீட்டில் காற்றே இல்லை. பனிக்கட்டியில் பிறந்த மனிதர் பலேர்மோவின் ஐப்பசிப் புழுக்கத்தில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். ஒரு முறைப்பாடும் இல்லை. கணவர் தொலைபேசியில்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். மூக்குச் சுருங்கினால் இல்லை என்று அர்த்தம். எஸ்கிமோ என்ற சொல் அவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் இனுயிட். தயவுசெய்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "நீங்களா எப்ப திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். அவருடைய அரைகுறை இத்தாலியனை நான் நம்முடைய தமிழில் தருகிறேன். அவர் சொன்னதைவிட இதில் சொற்கள் கொஞ்சம் கூட இருக்கும், அது என் கை ராசி.

பார்த்துக்கொண்டிருப்பது. அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பின்னேரங்களில் சின்யோராவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவார். கதைக்கமாட்டார். தலையணையைச் சரிசெய்யமாட்டார். கைத்தொலைபேசி இல்லை, செபமாலை இல்லை. சின்யோராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுமனே இருப்பார். எனக்கு அது பெரிய ஆக்கினையாக இருக்கும். ஒரு அறையில் மூன்று பேர் இருந்து ஒருவரும் கதைக்காமல் இருந்தால் யாரோ செத்துவிட்ட மாதிரி எனக்குப் படும். ஆகவே நான் கதைப்பேன். வானிலை, பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போன கதை, சாந்த ரோசாலியா என்ற புனிதையின் மலைக்கு வெறுங்காலோடு ஏறிய கதை, எல்லாம் சொல்வேன். சின்யோராவின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொல்வேன், பேச்சுப் போனவருக்குக் காதும் போயிருக்கும் என்பது இன்னொரு ஊகம்.

மகனுக்குத் தொலைபேசியில் அறிக்கை கொடுப்பதும் நான்தான். அம்மா இன்று சந்தோஷமாக இருக்கிறா. நீங்கள் சாப்பிட்டியளோ என்று கேட்கிறா. என்னுடைய பருப்புச் சூப் என்றால் அவவுக்கு உயிர். எல்லாம் கண்ணாலேயே சொன்னா. அவர் அங்கே நடுக்கடலில் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒரு பித்தளை மணியையும் சின்யோராவின் கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது ஒருநாளும் அடித்ததில்லை. ஆகவே அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன். அந்த மணியைத் தூக்க அவருடைய விரல்களுக்குப் பலமில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழியில் ஒரு நாள் அக்கா தானாகவே கதைத்தார். நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் அது நடந்தது. அவருடைய ஊரில் இப்போது சூரியனே இல்லையாம். தையில் தலை காட்டுமாம். பங்குனியில் பகல் நீண்டுவிடும், ஆனால் பனி அப்படியே இருக்கும். குளிர்காலத்தின் அந்தக் கடைசிப் பகுதிதான் அவர்களுக்குக் கொண்டாட்டம். முழுக் குடும்பமும் ஏரிக்குப் போகும். முன்பு நாய்கள் சறுக்குவண்டியை இழுத்தன. இப்போது பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி. கூடாரம், மான்தோல், தேத்தண்ணி கேத்தல், பிள்ளைகள், குட்டிப் பிள்ளைகள், எல்லாம் ஏரிக்கு மேலேயே. ஆளுயரத்துக்கு ஐஸ் இருக்குமாம். தகப்பன் நீளமான உளியால் குத்திக் குத்தித் துளை போடுவார். தாய் மான்தோலை விரித்துக் குப்புறப் படுத்து, அங்கியின் தலைமூடியால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, துளைக்குள்ளே முகத்தை வைத்துத் தண்ணீரைப் பார்ப்பார். ஒரு மரத்துண்டில் சுற்றிய தூண்டில் கயிறு. கையை மேலே, கீழே, மேலே, கீழே. குழந்தை முதுகில், அந்தப் பெரிய தலைமூடிக்குக் கீழே அங்கியோடு தைத்த பைக்குள்ளே இருந்து தாயின் தோளுக்கு மேலால் அதுவும் துளையைப் பார்க்கும். சத்தம் போடக்கூடாது. ஓடக்கூடாது. மீன் காலடியைக் கேட்கும்.

"எவ்வளவு நேரம் அப்பிடிப் படுத்திருக்கிறது?" என்று கேட்டேன்.

"மீன் வரும் வரைக்கும்" என்றார்.

வராவிட்டால் என்று கேட்டேன். அதற்கு மூக்கும் இல்லை, புருவமும் இல்லை. சும்மா பார்த்தார்.

அந்தப் பருவத்தின் முதல் மீன், பிடித்தவருக்கு இல்லையாம். கூடாரத்திலேயே வயதில் மூத்த பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். பிடித்தவர் அதில் ஒரு துண்டும் வாயில் வைக்கமாட்டார். அப்படிக் கொடுத்தால்தான் மற்ற மீன்கள் வரும் என்பது அவருடைய குடும்பத்தின் எண்ணம். நானும் மீன்பிடிக்கிற ஊர்க்காரன்தான் என்று இடையில் புகுந்தேன். கோண்டாவிலில் கிணறு உண்டு. கடல் பார்க்க பஸ் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மனைவிக்குச் சொன்னேன். நான் ஐஸின் உயரத்தை இரண்டு ஆளாக்கி, ஒரு வெள்ளைக் கரடியையும் சேர்த்திருந்தேன். அவள் கரடியை விட்டுவிட்டாள். "பிள்ளையளையும் கூட்டிக்கொண்டே போறவை?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அப்ப நல்ல சனம்" என்றாள்.

அக்காவின் குடும்பத்தில் பிள்ளைகளை ஏசுவதில்லையாம். கோபம் என்பதே பல் முளைக்காத குழந்தைகளின் காரியம். பெரிய மனிதர் ஒருவர் கோபப்பட்டால் மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள், அல்லது மெல்லச் சிரிப்பார்கள். இதை அவர் சொல்ல முன்பே நான் அனுபவித்துவிட்டேன். மரக்கறிக்காரன் ஒருநாள் எங்கள் வாசலில் கத்தரிக்காய்ப் பெட்டிகளை அடுக்கியிருந்தான். நான் அவனோடு கபோ சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சண்டை பிடித்தேன். எனக்கே என்னைப் பிடித்துவிட்டது. திரும்பினால் அக்கா படியில் நின்று, அழுகிற குழந்தையைப் பார்க்கிற பார்வையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த பாணில் ஒரு துண்டு பிய்த்து என்னிடம் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

இன்னொன்றும் அந்த நாட்களில் சொன்னார். அக்கா பிறக்க முன்பு அவருடைய தாயின் மாமா ஒருவர் இறந்திருந்தாராம். பெரிய வேட்டைக்காரர். அவருடைய பெயரை அக்காவுக்கு வைத்தார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது அவர்கள் வழக்கம், ஆண் பெண் பார்ப்பதில்லை. ஆகவே அக்காவின் தாய் சாகும் வரைக்கும் தன் மகளை "மாமா" என்றுதான் கூப்பிட்டாராம். தவழ்கிற வயதில் அந்தக் கிழவரின் கூட்டாளிகள் வந்து பழைய வேட்டைக் கதைகளைக் குழந்தையிடம் மரியாதையாகச் சொல்லி, அது சிரிக்கிறதா என்று பார்ப்பார்களாம். நாங்களும் பெண்பிள்ளையை "அம்மா" என்று கூப்பிடுவோம், இது ஒன்றும் புதிதில்லை என்று சொன்னேன். "அப்ப உங்களுக்கு விளங்கும்" என்றார். விளங்கினதாகத் தலையாட்டினேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும் போல் இருந்தது. சின்யோராவோடு என் மனைவியை இருத்திவிட்டு நாங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் பஸ் எடுத்தோம். படகுத்துறையில் நீளத் தூண்டில்களோடு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு மரத்துண்டும் நைலோன் கயிறும் எடுத்தார். என்னுடைய கம்பளியை வாங்கிக் கல்லில் விரித்தார். குப்புறப் படுத்து, தலைமூடியை இழுத்துவிட்டு, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். கை மட்டும் மேலே கீழே. யாரோ பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர் செபம் செய்கிறார் என்று நான் அதிகாரத்தோடு சொல்லி அனுப்பினேன். அவர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

வெயில் சாய்கிற வரைக்கும் ஒன்றும் வரவில்லை. நான் கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டை கட்டிவிட்டது. நான் நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் கயிறு இழுபட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் இன்றைக்கும் நம்ப முயல்கிறேன்.

உள்ளங்கையளவு வெள்ளி மீன். இது எங்கள் ஊர் ஒட்டி மீன் என்று உடனே அறிவித்தேன். பக்கத்திலிருந்தவர் வேறு பெயர் சொன்னார். அக்கா அதை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நேராகப் போய், சின்யோராவின் இடது கையில் வைத்தார். வீட்டில் மூத்த பெண் அவர்தானே. சின்யோராவின் விரல்கள் மீனின் மேல் மூடின. அப்படியே நீண்ட நேரம் விடவில்லை. அந்த மீனைக் கஞ்சியாக்கிக் கொடுத்தபோது எல்லாவற்றையும் குடித்தார். என் பருப்புச் சூப்பை அவர் ஒருநாளும் அப்படிக் குடித்ததில்லை.

மீனைப் பிடித்த விரல்களைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அடுத்த நாள் அந்த நைலோன் கயிற்றின் ஒரு நுனியைச் சின்யோராவின் விரலில் தளர்வாகக் கட்டினார். கயிற்றைக் கதவுக்கு வெளியே விட்டு, குசினியில் மரத்துண்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். காலை போனது. மத்தியானம் போனது. மணியே போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மரத்துண்டு அசைந்தது.

அந்த இழுப்போடு என் மானம் போகத் தொடங்கியது. பித்தளை மணியை ஒருநாளும் அடிக்காதவர் நாளெல்லாம் கயிற்றை இழுத்தார். அக்கா போய்ப் பக்கத்தில் நிற்பார். ஒன்றைச் செய்வார், முகத்தைப் பார்ப்பார், இன்னொன்றைச் செய்வார். இப்படியாக வெளிவந்த செய்திகள்: சின்யோராவுக்குத் திரைச்சீலை திறந்திருக்க வேண்டும். உதட்டில் ஒரு துளி கோப்பி வேண்டும். தொலைக்காட்சி வேண்டாம். பருப்புச் சூப் வேண்டவே வேண்டாம். பின்னேரத்தில் ஒரு இழுப்பு வரும். அதற்கு மட்டும் என்ன செய்தாலும் அவர் முகம் தளரவில்லை. கடைசியில் அக்கா என் கையைப் பிடித்து அறைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். முகம் தளர்ந்தது.

இப்படி நாட்கள் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பங்குனி வந்தது. மகனும் வந்தார். சிறிது நாளில் மறுபடி கப்பல். அக்காவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, ஏரிக்குப் போகக் குடும்பம் காத்திருந்தது. தகப்பனுக்கு வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை தரம் அவர் துளை போடுவார் என்று தெரியாது. ஆகவே மகன் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் விடுதியில் தாய்க்கு இடம் பார்த்துவிட்டார். தோட்டம் இருக்கிறது, தாதிமார் இருக்கிறார்கள். கெட்ட மனிதர் அல்ல. வேறு வழி தெரியாத மனிதர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுத் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். போவோமா என்று கேட்டார். சின்யோராவின் புருவம் மேலே போனது. இடது புருவம் நன்றாக, வலது கொஞ்சமாக.

மகன் பெருமூச்சு விட்டார். அக்காவைப் பார்த்து, அம்மா ஓம் என்கிறா என்றார். பாவம், அத்தனை வருஷம் அக்காவின் ஊரில் இருந்தவர். எனக்கோ அந்தப் புருவம் "என்ன?" என்று கேட்கிற மாதிரிப் பட்டது. நாம் அப்படித்தானே கேட்போம். ஆகவே நான் காதுக்குப் பக்கத்தில் போய், போகிறீர்களா என்று இன்னும் சத்தமாகக் கேட்டேன். புருவம் இன்னும் மேலே போனது. மகன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

அவவுக்குப் போக விருப்பமில்லை என்று சொன்னேன். அது ஊகமில்லை. இத்தனை மாதத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம். கயிற்றை இழுத்து இழுத்து அந்த அறையை, அந்தத் திரைச்சீலையை, அந்தக் கோப்பியை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டதைப் பார்த்தவன் நான். என் வேலை ஒப்பந்தமும் பெர்மெசோவும் அந்தக் கட்டிலோடு கட்டியிருந்ததும் உண்மை. மகன் களைத்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"உங்கடை பருப்புச் சூப் எண்டால் அவவுக்கு உயிர் எண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்.

  உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் வாயில் அதற்கு மதிப்பு மிச்சமிருக்கவில்லை.

 அக்கா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். கீழே சந்தை. மீன்காரன் மேசைக்குப் பின்னால் நின்றான். மகன் எதைப் பார்ப்பது என்று கேட்டார். அக்கா மீன்காரனின் மேசையையே பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், என்ன விளக்கம் என்று எனக்கே தெரியாது. அக்கா என் கைமேல் கையை வைத்தார். நின்றோம். மகன் நேரம் பார்த்தார். அக்கா நின்றுகொண்டே இருந்தார், தண்ணீரைப் பார்க்கிற மாதிரி. அப்போது ஒரு கிழவி வந்து மீன்காரனிடம் ஏதோ மீன் இருக்கிறதா என்று கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. நாடியைச் சற்றே தூக்கிப் புருவத்தை உயர்த்தினான். கிழவி ஒரு சொல் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார்.

"இவ இந்த ஊர் மனிசி" என்றார் அக்கா. "புருவமும் இந்த ஊர்ப் புருவம்."

பலேர்மோவில் கேட்டது இல்லை என்றால் கடைக்காரர் அப்படித்தான் காட்டுவார்கள். எத்தனை வருஷமாக எத்தனை தடவை அந்தப் புருவத்தைப் பார்த்து நான் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். மகன் அந்தச் சந்தைக்கு மேலேயே பிறந்து வளர்ந்தவர். சின்யோராவுக்கு நாடியைத் தூக்க முடியாது, நாக்கால் சூள் கொட்ட முடியாது. மிச்சமிருந்தது புருவம் மட்டும். மகன் அதை அக்காவின் ஊர்ப்படி வாசித்தார், நான் என் ஊர்ப்படி. சின்யோராவின் ஊர்ப்படி வாசித்தது அக்கா ஒருவர்தான்.

மகன் ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தார். பிறகு அக்கா கயிறு சுற்றிய மரத்துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் தாயிடம் போய், இந்த முறை அவசரமில்லாமல் கேட்டார். "இஞ்சையே இருக்கப்போறியேம்மா?" என்று நம் தமிழில் வரும். புருவம் அசையவில்லை. நாங்கள் காத்திருந்தோம். நானும் காத்திருந்தேன், வாயை மூடிக்கொண்டு. மரத்துண்டு அவர் கையிலிருந்து பறிபட்டுத் தரையில் விழுந்து உருண்டது.

மகன் போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பெர்மெசோவுக்காகவா சின்யோராவுக்காகவா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. அக்கா எழும்பிக் கோப்பி போடப் போனார்.

அந்தப் பங்குனியில் அக்கா ஏரிக்குப் போகவில்லை. டிக்கெட்டை விட்டுவிட்டார். விருப்பமில்லையா என்று கேட்டேன். புருவம் உயர்ந்தது, விருப்பம்தான். அடுத்த வருஷமும் ஐஸ் வரும்தானே என்று தேற்றினேன். "வரும்போலை" என்றார். அவர்கள் வரப்போகிற எதையும் நிச்சயமாகச் சொல்லமாட்டார்கள். அவருடைய தகப்பன் துளை போடுகிற படம் ஒன்று தொலைபேசிக்கு வந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

இனிப் புருவத்தால் குழப்பம் வரக்கூடாது என்று சின்யோராவுக்கு மூக்கைக் கற்றுக்கொடுத்தார். ஓம் என்றால் கயிறு, இல்லை என்றால் மூக்கு. சின்யோராவுக்குப் பாதி மூக்குத்தான் சுருங்கும். அந்தப் பாதி போதுமாயிருந்தது. நான் அறைக்குள் வந்து "சின்யோரா" என்று தொடங்கினாலே சுருங்கும். சின்யோராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது சிரிப்பு என்று அக்கா சொன்னார். நானாகச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது சின்யோரா தன்னுடைய கட்டிலில், திரைச்சீலை திறந்திருக்க, காலமானார். கயிறு விரலில்தான் இருந்தது. மற்ற நுனியில் அக்கா இருந்தார். அப்போது அக்காவின் வயிற்றில் பிள்ளை. வயிறு பெருக்க முன்பே அக்காவும் கணவரும் வடக்கே போய்விட்டார்கள். விமான நிலையத்தில் நான் ஒரு நல்ல பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். அக்கா ஒரு பாண் துண்டைப் பிய்த்து என் கையில் தந்தார். பேச்சு மறந்துபோய்விட்டது.

எனக்கு வேறு வீட்டில் வேலை கிடைத்தது. அங்கே கண் பாஷை தெரியும் என்று நான் சொல்லவில்லை.

போன பங்குனியில் ஒருநாள் தொலைபேசி அடித்தது. படத்தோடு வந்த அழைப்பு. மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரை முழுக்க வெள்ளை, காற்றுச் சத்தம். பிறகு அக்காவின் முகம் வந்தது, கறுத்துச் சிவந்து. ஏரியில் இருந்தார்கள். தகப்பன் தூரத்தில் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் துளை போட்டது கணவராம். அக்காவின் தோளுக்குப் பின்னால், பெரிய தலைமூடிக்குள்ளிருந்து, ஒரு வயதைத் தாண்டிய பெண்குழந்தை எட்டிப் பார்த்தது.

அக்கா பனியில் கிடந்த மீனொன்றைத் தூக்கிக் காட்டினார். இந்தப் பருவத்தின் முதல் மீன். அதைத் தோளுக்கு மேலால் குழந்தையின் கையில் வைத்தார். குழந்தையின் விரல்கள் மீனின் மேல் மூடின.

மூத்த பெண்ணுக்கல்லவா முதல் மீன் என்று கேட்டேன்.

"ஓம். இஞ்சை எல்லாரிலையும் மூத்தவ இவதான்" என்றார். நான் கேட்டறிந்த வரைக்கும் அக்கா வாயால் சொன்ன ஒரே ஓம். அதுவும் என் மொழிபெயர்ப்புத்தான், அவர் புருவத்தை உயர்த்தினார்.

அப்போது கணவர் பக்கத்தில் வந்து குனிந்து, குழந்தையின் மூக்கைத் துடைத்து, "மம்மா" என்று கூப்பிட்டார்.  எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது, எப்போதோ விளங்கினதாகத் தலையாட்டிய அந்தப் பெயர் வைக்கிற கதையும். என் மனைவி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"சின்யோரா உங்களைப் பாக்கிறா" என்றார் அக்கா. "ஏதும் சொல்லுங்கோ."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. என்னிடம் எப்போதும் நிறையத்தான் இருக்கும். எழும்பி நின்றேன், முதலாளியம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தபடி எப்படிக் கதைப்பது. "சின்யோரா" என்று தொடங்கினேன். சூப்பைப் பற்றி, மணியைப் பற்றி, சத்தம் போட்டதைப் பற்றி, வரிசையாகச் சொல்ல வாய் நிறைய வைத்திருந்தேன்.

குழந்தை என்னை உற்றுப் பார்த்தது. மூக்கைச் சுருக்கியது.

"அவவேதான்" என்றாள் என் மனைவி.

நான் உட்கார்ந்தேன். வாயை மூடினேன். அங்கே காற்று அடித்தது, இங்கே கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை முடுக்கினார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் போனபிறகு, மீனை விடாமல் பிடித்தபடி, குழந்தையின் புருவம் மெல்ல மேலே போனது.

அது எந்த ஊர்ப் புருவம் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை.